சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

உயிரே போனாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை ரவாங்குக்குப் போவதில்லை என்று வேலாயுதம் முடிவெடுத்தார். சத்தமாகச் சொல்லவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொல்லிக்கொண்டார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் எடுத்த வீரமான முடிவுகள் எல்லாமே அந்தக் குளியலறையில் எடுத்தவைதான்.

ரவாங்கில் அப்படி என்ன? மனைவி குமுதாவின் அக்கா தங்கமணி அங்கே புதுவீடு வாங்கியிருந்தாள். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பால் காய்ச்சுகிறார்கள். பாலோடு வேலாயுதத்துக்கு ஒரு விரோதமும் இல்லை. பாலுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிற சகலை விஜயன்தான் பிரச்சினை. விஜயன் வாயைத் திறந்தால் மூன்று மணி நேரத்துக்கு மூடமாட்டார். போன தடவை தன் காடிக்கு டயர் மாற்றிய கதையைச் சொன்னார். நாலு டயருக்கும் தனித்தனியாகச் சொன்னார். வேலாயுதம் பாத்ரூம் போய்விட்டு வந்தபோது ஸ்பேர் டயர் தொடங்கியிருந்தது.

அதே ஞாயிறு காலைதான் கிள்ளான் மோட்டர் சைக்கிள் குழு கோல சிலாங்கூருக்குப் புறப்படுகிறது. பதினான்கு மோட்டர், வரிசையாக, லைட்டைப் போட்டுக்கொண்டு. வேலாயுதத்துக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை. வாரத்தில் ஆறு நாள் பெட்டிகளோடு மாரடிப்பார். ஏழாவது நாளாவது தனக்கு என்று நினைத்திருந்தார். அதையும் காதுகுத்து, சடங்கு, நிச்சயதார்த்தம் என்று குமுதாவின் சொந்தக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். குழுவில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. ஒரு தடவைகூடப் போனதில்லை. குழுச்சட்டை மட்டும் வாங்கி, பீரோவில் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்.

"வரமாட்டேன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் குமுதாவைப் பார்த்ததில்லை.

ஆகவே மோட்டர்தான் கெட்டுப்போக வேண்டும். வீட்டில் இருப்பது அந்த ஒரே வண்டி. அது ஞாயிறு காலை கெட்டுப்போய், குமுதா ரயிலேறிய பிறகு தானாகக் குணமாக வேண்டும். மூன்று வாரம் ஃபோனில் வீடியோ பார்த்து வேலாயுதம் அதற்கு வழி கண்டுபிடித்தார். மோட்டருக்கு இரண்டு ஸ்பாட்லைட், ஒரு ஃபோன் சார்ஜர், லோரிக்காரனே ஒதுங்கி வழிவிடும்படி ஒரு ஜோடி ஹாரன். இவையெல்லாம் வெளிப்பார்வைக்கு. உள்ளே, சீட்டுக்கு அடியில், விரல்நகம் அளவுக்கு ஒரு சின்ன சுவிட்ச். எஞ்சினுக்குப் போகிற வயரை வெட்டி அதன் வழியாக விட்டுவிட்டால் முடிந்தது. அணைத்தால் மோட்டர் பிணம். போட்டால் உயிர் வரும். இத்தனை வயருக்கு நடுவில் இந்த ஒன்றை எவள் கண்டுபிடிப்பாள்?

சனிக்கிழமை காலை, வீட்டு முன்னால் மோட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குமுதா துணி காயப்போட வந்தாள்.

"என்னாங்க பண்றீங்க?"

"லைட்டு மாட்டறேன். ரவாங் ரோடு இருட்டா இருக்குமில்ல?"

"காலையில பத்து மணிக்கா?"

"திரும்பி வரும்போது லா."

அவள் குனிந்து பார்த்தாள். "வயரெல்லாம் ஏன் செவப்பாவே இருக்கு?"

"ஒரே ரோலா வாங்கினா மலிவு."

"எர்த்துக்கும் செவப்பா?"

"கரண்டுக்கு என்னா, கண்ணா தெரியும்?"

"கரண்டுக்குத் தெரியாது. மாட்டறவருக்குத் தெரியணும்ல?"

"குமுதா, இது வேற டிப்பார்ட்மெண்ட். நீ போய்த் துணியக் காயப்போடு."

அவள் போகவில்லை. "லைட்டு முன்னால இருக்கு. ஹாரனும் முன்னால இருக்கு. இந்த வயரு மட்டும் சீட்டுக்கு அடியில எங்க போவுது?"

வேலாயுதம் அந்த வயரைக் கையால் மறைத்துக்கொண்டார். "அது... ரிட்டர்ன்."

"ரிட்டர்னா?"

"டெக்னிக்கல். உனக்குப் புரியாது."

"சரிங்க" என்றாள் குமுதா.

பதினெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் அந்த நிமிஷமே பயந்து, மோட்டரைப் பழையபடி மாட்டிவிட்டு, ரவாங்குக்கு வேட்டியைத் தேய்க்கப் போயிருப்பான். இவர் விசில் அடித்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். குமுதா ஷா ஆலமில் ஒரு ஃபேக்டரியில் பதினான்கு வருஷமாக வேலை செய்கிறாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் வேலாயுதம், "வயரு மடிக்கிற வேலை" என்பார். அவள் மடித்த வயர் எங்கே போகிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அது காடிகளுக்குப் போகிறது. ஒரு காடிக்குள் ஓடுகிற அத்தனை வயரையும் கலர் பார்த்துப் பிரித்து, கட்டி, சோதித்து அனுப்புகிற பிரிவில், பதினெட்டு பெண்களுக்கு மேலே அவள் லைன் லீடர். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தடவி, எது எங்கே போகிறது என்று சொல்லிவிடுவாள்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. சுவிட்சை அணைத்தார், மோட்டர் செத்தது. போட்டார், பிழைத்தது. வேலாயுதம் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளப் பார்த்தார், கை எட்டவில்லை. சுவிட்சை அணைத்துவைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தே முடிவெட்டப் போனார். சனிக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது குமுதா குழாயடியில் கை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கையெல்லாம் ஏன் கருப்பா இருக்கு?"

"கத்திரிக்கா சுட்டேன்."

அன்றைக்குச் சாப்பாட்டில் கத்திரிக்காயே இல்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை. குமுதா பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, பரிசுக் குத்துவிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். சுவிட்சைத்தான் வேலாயுதம் நேற்றே அணைத்துவைத்துவிட்டாரே. சாவியைப் போட்டார். பட்டனை அழுத்தினார். மோட்டர் மூச்சுவிடவில்லை.

"ஐயோ! அலாமாக்!"

மறுபடி அழுத்தினார். காலால் உதைத்தார். டாங்க்கில் காதை வைத்துக் கேட்டார். நாடகத்துக்குப் போயிருந்தால் பரிசு வாங்கியிருப்பார்.

"என்னாங்க ஆச்சு?"

"பிளக்கு போயிருச்சுபோல. இன்னைக்குப் பார்த்தா இப்படி ஆவணும்?"

"மோட்டர் ரிப்பேர் போர்மன்கிட்ட தள்ளிட்டுப் போங்களேன்."

"ஞாயித்துக்கெழம எந்த போர்மன் கடை தொறப்பான்? நானே கழட்டிப் பாக்கறேன். நீ கொமுட்டர் ரயில்ல போயிரு குமுதா. லேட்டானா அக்கா கோவிச்சுக்கும்."

"உங்கள விட்டுட்டா?"

"எனக்கு மட்டும் மனசு வருதா?" என்றார் வேலாயுதம். குரல் தழுதழுத்தது. அதில் கொஞ்சம் நிஜமாகவே தழுதழுத்ததுதான் வேடிக்கை.

"சரிங்க. மேசையில இட்லி மூடி வெச்சிருக்கேன். பசியாறிருங்க" என்று சொல்லிவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

இட்லி என்றதும் அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பாவம், நல்லவள், தனியாக ரயிலில் போகிறாள். அவள் தெருமுனை திரும்பினதும் சுருக் நின்றுவிட்டது. ஓடிப்போய் பீரோவைத் திறந்தார். ஆரஞ்சு நிறக் குழுச்சட்டை, முதுகில் மண்டையோடு. போட்டுக்கொண்டு கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அதற்குள் ஃபோன் அடித்தது. குழுவின் கேப்டன் சிவகுருநாதன்.

"வேலு, எங்க நிக்கிற? பெட்ரோல் ஸ்டேஷன்ல எல்லாரும் வந்தாச்சு."

"அஞ்சே நிமிஷம் கேப்டன்! கிளம்பிட்டேன்!"

ஃபோனைப் புதுச் சார்ஜரில் மாட்டினார். சீட்டைத் தூக்கினார். பெருமையோடு சுவிட்சைப் போட்டார்.

பாஆஆஆஆம்!

ஜோடி ஹாரனும் சேர்ந்து கத்தியது. இரண்டு ஸ்பாட்லைட்டும் பகல் வெயிலில் பளீரென்று எரிந்தன. எதிர்வீட்டுப் பூனை மதிலிலிருந்து விழுந்தது. வேலாயுதம் சாவியைப் பிடுங்கினார். ஹாரன் நிற்கவில்லை. சுவிட்சை அணைத்தார். நின்றது. சாவியைப் போட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். எஞ்சின் அசையவில்லை.

ஏதோ தவறு, கை பட்டிருக்கும் என்று மறுபடி சுவிட்சைப் போட்டார்.

பாஆஆஆஆம்!

அணைத்தார். வயரைப் பார்க்கலாம் என்று குனிந்தார். உள்ளே மஞ்சள், பச்சை, கருப்பு, நீலம் என்று கோவில் தோரணம்போல வரிசையாகக் கட்டியிருந்தது. நேற்று இவர் மாட்டியது சிவப்பு மட்டும்தானே? கண்ணைக் கசக்கிக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்தார்.

பாஆஆஆஆம்!

"மூனு!" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. "பாத்தீங்களாக்கா? மூனு தடவை அடிப்பாருன்னு சொன்னேன்ல?"

"நான் ரெண்டோட நிறுத்திருவாருன்னுல்ல நெனச்சேன்" என்றது அந்த வீட்டு நல்லம்மாள் அக்காவின் குரல்.

பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு, பட்டுப்புடவையும் குத்துவிளக்குமாகக் குமுதா வந்தாள்.

"நீ... நீ கொமுட்டருக்குப் போவல?"

"நல்லம்மாக்கா டீ போட்டாங்க. சுத்திக்கிட்டு பின்வாசல் வழியா வந்துட்டேன். ஸ்டார்ட் ஆவலையா?"

வேலாயுதம் மண்டையோட்டை மறைக்க முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

குமுதா பையைக் கீழே வைத்தாள். ஹெண்டலுக்குக் கீழே இருந்த கவருக்குள் ஒரு விரலை விட்டாள். டிக் என்றது. பட்டனை அழுத்தினாள். மோட்டர் சமர்த்தாகக் கிளம்பியது.

"வயரெல்லாம் மாத்திட்டேன்" என்றாள். "எர்த்துக்குக் கருப்பு. லைட்டுக்கு மஞ்சள். சார்ஜருக்கு நீலம். ஹாரனுக்குப் பச்சை, அத உங்க சுவிட்சு வழியா நேரா பேட்டரியில குடுத்திருக்கேன். உங்க பொய்க்கு ஹெண்டலுக்குக் கீழ வேற சுவிட்சு. அதுக்கு மட்டும் செவப்பை அப்படியே விட்டுட்டேன்."

"குமுதா, நான் வந்து..."

"போய் சட்டைய மாத்துங்க. பால் காய்ச்சற வீட்டுக்கு மண்டையோட்டக் காட்டிக்கிட்டா வருவாங்க?"

ஃபோன் மறுபடி அடித்தது. குமுதா எடுத்தாள்.

"ஹலோ, கேப்டன் சாரா? நான் வேலு சம்சாரம். அவரு இன்னைக்கு வரமாட்டாரு சார். மோட்டர் கெட்டுப்போச்சு. ஆமா சார், பிளக்காம். ரொம்ப மோசம்."

ரவாங்கில் பால் நன்றாகவே பொங்கியது. வேலாயுதம் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். விஜயன் அவரை விடவில்லை. தோளில் கைபோட்டு வெளியே தள்ளிக்கொண்டு வந்தவர், மோட்டரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். குனிந்தார். முட்டி போட்டார். வயர்க்கட்டை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"அடேயப்பா! எந்த போர்மனும் இப்படிப் பண்ணமாட்டான். யாரு வேலு இது?"

சுற்றிலும் குமுதாவின் மொத்தச் சொந்தமும் வந்து கூடிவிட்டது. பதினெட்டு வருஷத்தில் சகலை வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. வேலாயுதம் குமுதாவைப் பார்த்தார். அவள் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஞாயிறுதான் போச்சு, பெயராவது மிஞ்சட்டும் என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"நான்தான் அண்ணே."

குமுதா நிமிர்ந்தாள். இவருக்கு உயிர் போய் வந்தது. ஆனால் அவள் சிரித்தாள்.

"ஆமா மாமா, அவரேதான். இதுல அவரு பெரிய கெட்டி."

"இவ்வளவு நாளா சொல்லவே இல்ல பாரேன்!" விஜயன் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நம்ம காடிக்கு லைட்டு வாங்கி ஒரு வருஷமா சும்மா கெடக்கு வேலு. மோட்டருக்கும் இருக்கு. மவன் மோட்டருக்கும் ஒரு செட்டு வாங்கிரலாம்."

"இல்லண்ணே, எனக்கு நேரம்..."

"ஞாயித்துக்கெழமையெல்லாம் அவரு சும்மாதான் மாமா இருப்பாரு" என்றாள் குமுதா, அவர் கையில் பாயசத்தைக் கொடுத்தபடி. "மோட்டர் கெட்டுப்போச்சுன்னு குழுவுலயும் சொல்லியாச்சு."

"அப்ப அடுத்த ஞாயிறு விடியக்காலையிலயே வந்துரு" என்றார் விஜயன். "நீ பாட்டுக்கு வேலையப் பாரு வேலு. நான் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்து, உனக்குப் பேச்சுத்துணைக்கு இருக்கேன்."