துப்பாக்கி இல்லாத விளையாட்டு

பள்ளிக்கூடத்தில் ஃபிசிக்ஸ் என்றாலே ஓடி ஒளிந்தவன் நான். அதையே காசு கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தேன் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

ஃபிசிக்ஸ் கார்டு என்று அதற்குப் பெயர். கம்ப்யூட்டருக்குள் சொருகிவிட்டால் போதும், விளையாட்டில் சுவர் இடிந்தால் செங்கல் செங்கலாக உதிரும். சுட்டால் கண்ணாடி சில்லுச் சில்லாகத் தெறிக்கும். எது எங்கே விழும் என்ற கணக்கையெல்லாம் அதுவே போட்டுக்கொள்ளும். அதன் மேல் ஒரு குட்டி விசிறி. கணக்கு கூடினால் 'கொர்ர்ர்' என்று சுற்றும். கணக்கு குறைந்தால் அடங்கிவிடும். அந்த விசிறிதான் எனக்கு எமன் என்று அப்போது யார் கண்டது?

சனிக்கிழமையே மாட்டினேன். சுவர் ஒன்று ஓயாமல் இடிந்து விழுகிற சோதனைக் காட்சியை ஓடவிட்டு, ஸ்பீக்கருக்கு ஒயர் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது விசிறியின் 'கொர்ர்ர்' தவிர வீடு நிசப்தமாக இருந்தது. எங்கள் வீட்டில் நிசப்தமா? பல் முளைக்காத மகள் ஒருத்தி இருக்கிறாள். பகலில் கண்ணை மூடினால் பாவம் என்று நினைக்கிறவள். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னங்க அது, பெட்டிக்குள்ள புதுசா?"

"ஆபீஸ் வேலைக்கும்மா. கம்ப்யூட்டர் வேகமா ஓடும்."

"உங்க ஆபீஸ்ல தினமும் சுவரா இடிக்கிறாங்க?"

அகப்பட்டுக்கொண்டேன். இடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கினேன். தூறல்கூட விழவில்லை.

"சரி, ஆசைப்பட்டு வாங்கிட்டீங்க, இருக்கட்டும். ஒரே ஒரு கண்டிஷன். சுடுற விளையாட்டு மட்டும் கூடாது. சத்தத்துல பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போடும்."

"ஹெட்போன் போட்டுக்கறேனே?"

"போட்டுட்டா பாப்பா அழறது உங்களுக்குக் கேக்குமா?"

"கேக்காது."

"அதான் கூடாதுங்கறேன்."

இவ்வளவுதானா என்று உள்ளுக்குள் குதித்தேன். உலகத்தில் சுடாத விளையாட்டுக்கா பஞ்சம்? கார் இருக்கிறது, பந்து இருக்கிறது, பண்ணை இருக்கிறது. தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. எல்லாம் இருந்தது. ஆனால் என் கார்டை அவற்றில் ஒன்றும் சட்டை செய்யவில்லை. சட்டை செய்த விளையாட்டில் எல்லாம் ஒருவன் ஓடிக்கொண்டே சுட்டான், இன்னொருவன் ஒளிந்துகொண்டு சுட்டான்.

கார்டு விற்ற கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, சுடாத விளையாட்டுல இது வேலை செய்யுமா?"

"ஏன் தம்பி, சண்டைச் சேவலை வாங்கிட்டு முட்டை போடுமான்னு கேக்கறீங்க? சரி, பாய்மரக் கப்பல் ஒண்ணு இருக்கு. காத்துல பாய் படபடக்கும், அலை அடிக்கும்."

"கொள்ளைக்காரங்க வருவாங்களா?"

"ஒரு மீன்கூட வராது."

ஞாயிறு மத்தியானம் கப்பலை எடுத்தேன். பாய் புடைத்தது, மடிந்தது, மறுபடி புடைத்தது. அழகுதான். கொடியில் காயும் போர்வையை உட்கார்ந்து பார்க்கிற அழகு. இதற்கா ஆசைப்பட்டோம்? நாளைக்கே கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து மனைவி, அழுகிற மகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். விசிறி 'கொர்ர்ர்' என்றது. மகள் கொட்டாவி விட்டாள். தூங்கிப்போனாள்!

"ஏய், தூங்கிட்டாடீ!"

"தூங்குவான்னு தெரியும். நேத்து நீங்க ஒயர் வாங்கப் போனப்பவே பாத்தேன். உள்ள விசிறி கொர்ருன்னுச்சு, இவ கண்ணசந்துட்டா. அதான் 'இருக்கட்டும்'னேன்."

"அப்போ சுடக் கூடாதுன்னு சொன்னது?"

"தூங்குற புள்ள தலைமாட்டுல யாராச்சும் சுடுவாங்களா?"

"நான் இதைத் திருப்பிக் கொடுக்கலாம்னு..."

"தாராளமாக் கொடுங்க. தினமும் நீங்க தாலாட்டுப் பாடிடுங்க."

நான் பாடினால் பக்கத்து வீட்டுக் குழந்தையும் சேர்ந்து அழும். மகளை மடியில் வாகாகக் கிடத்திக்கொண்டேன். அவள் தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். போகும்போதுதான் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே மை பூசியதுபோல் கறுப்பு. குழந்தை பிறந்ததிலிருந்து அவள் மத்தியானம் படுத்து நான் பார்த்ததில்லை. அதைக் கவனிக்காத குற்றம் என்னுடையதுதான்.

மனம் இளகி ஒற்றைக் கையால் கப்பலை ஓட்டினேன். ஓட்டினேன், ஓட்டினேன், கடைசியில் துறைமுகம் தெரிந்தது. அப்பாடா! பாயை இறக்கினேன். பாய் இறங்கியதும் விசிறி அடங்கியது. விசிறி அடங்கியதும் மகள் வாயைத் திறந்தாள்.

உள்ளறையிலிருந்து தூக்கக் குரல் வந்தது.

"என்னங்க, ஏன் நின்னுடுச்சு?"

"கரை வந்துடுச்சும்மா."

"யாரு வரச் சொன்னது? திரும்பிப் போங்க!"