ஆறு அறை, இரண்டு ஆள்

முல்லைத்தீவு
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகன் வின்சனுக்கு,

அப்பா லோறன்ஸ் எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும் மருமகள் ஜெயரூபினியும் பிரான்சில் அப்படியே இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு செபத்திலும் கேட்கிறோம். நீ கட்டித் தந்த வீடும் நல்ல சுகம். இனி வரும் விசயத்தைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "ஓமப்பா" என்று குரலைத் தாழ்த்துவாய், அதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. கோபிக்காதே மகன். நாங்கள் உன் வீட்டைவிட்டுப் போய்விட்டோம்.

தூரத்துக்கு இல்லை. பின்வளவில் இருக்கிற அரசாங்கம் தந்த பழைய வீட்டுத்திட்ட வீட்டுக்குத்தான். ரெண்டு அறை, சமைக்க ஒரு குசினி. ஒரே தள்ளுவண்டியில் சாமான் முழுக்க வந்துவிட்டது.

நீ சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக் கழுவி எழுப்பின வீடு அது, எனக்குத் தெரியாதா? ஆனால் ஆறு அறைக்கு நாங்கள் ரெண்டு பேர். குளியலறை நாலு. பாவிக்காமல் விட்டால் பைப் இறுகிப்போகும் என்று அம்மா முறை வைத்தா. திங்கள் கீழே, செவ்வாய் மேலே, வியாழன் உன்ர அறையோடு சேர்ந்தது. நான் முறை மாறி ஒரு புதன்கிழமை வியாழனுக்குரியதுக்குள் போக, கைபிடி கழன்று உள்ளுக்குள் மாட்டுப்பட்டுப் போனேன். கத்தின சத்தம் அம்மாவுக்குக் கேட்கவில்லை, றோட்டால போன மீன் வியாபாரி குகதாசனுக்குக் கேட்டது. அவர் ஓடிவந்து சொல்ல, "அந்தாள் கடற்கரைக்கெல்லோ போனது" என்று அம்மா அவரை இருத்தித் தேத்தண்ணி ஊத்திக் குடுத்திருக்கிறா. இப்ப சின்ன வீட்டில அவா குசினிக்குள்ள பெருமூச்சு விட்டாலே எனக்குக் கேட்குது. சண்டை பிடிச்சால் கோவிச்சுக்கொண்டு போய் இருக்க வேற அறையில்லை, அந்த இடத்திலேயே சமாதானமாக வேண்டிக் கிடக்கு. சந்தோசமாய் இருக்கிறம் மகன். கலியாணம் முடிச்ச புதுசில இருந்த மாதிரி. எழுத வெக்கமாய்த்தான் கிடக்கு.

வீடு மாறி வெளிக்கிடேக்க, உப்புக்காத்து உன்ர செம்மஞ்சள் பெயின்ரைத் தின்னக்கூடாதெண்டு மாடியில இருக்கிற மேல்வீட்டின்ர கடல்பக்கச் சுவரை நீலத் தார்ப்பாய்ப் படங்கால மூடிக் கட்டினன். அங்கதான் பிழைச்சது. அடுத்த நாள் காலமை பத்து மணியிருக்கும், படகுக்காரச் சுமனும் இன்னும் நாலு பேரும் கிழிஞ்ச வலையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்திட்டினம்.

"லோறன்ஸ் அண்ணை, சுவர் எங்க?"

"படங்குக்குப் பின்னால கிடக்கு. ஏன்?"

"கோயில் கோபுரத்தையும் உங்கட சுவரையும் ஒரே கோட்டில நேர்பிடிச்சுத்தானே நாங்கள் கல்லில்லாத இடம் பாத்து வலை விடுறது. இண்டைக்குச் சுவரைக் காணேல்லை. வலை கல்லுக்கு மேல போயிட்டுது."

"இடம் காட்டிற கருவி வைச்சிருக்கிறியளெல்லோ?"

"கருவி பழுதாப் போகும் அண்ணை. உங்கட சுவர் போகாது."

நாப்பது வருசம் கடலில கிடந்தவன் நான். கோபுரத்தையும் ஒரு ஒற்றைப் பனையையும் நேர்பிடிச்சுத்தான் நானும் தொழில் செய்தனான். அந்தப் பனை நிண்ட இடத்திலதான் உன்ர வீடு நிக்குது. அதை யோசிக்காமல், ரெண்டு பேருக்கு இது ஏனெண்டு உள்ளுக்குள்ள இருந்து அறையை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறன். உடனே ஏறிப் படங்கை அவிட்டன். பொழுதுபடுமட்டும் பெரிய வீட்டு விறாந்தையில இருந்து எல்லாருமாய்ச் சுமன்ர வலையைத் தைச்சுப் பொத்தினம். அம்மா மீன்குழம்பும் புட்டும் தந்தா. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயித்துக்குள்ள நோவு.

ஆனபடியால் மகன், உன்ர உழைப்பு வீணாய்ப் போகேல்லை. அந்த வீடு எங்களுக்குப் பெரிசு, இந்தக் கரைக்கு அளவு. அது அப்படியே செம்மஞ்சளாய் நிக்கட்டும், நாங்கள் சின்ன வீட்டில இருக்கிறம். "சரியப்பா" எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நீ சொல்லுமட்டும் அம்மா உன்ர படத்தை நேர பாக்கிறாவில்லை.

மாதா உங்கள் இருவரையும் தன் சேலைத் தலைப்புக்குள் வைத்துக் காப்பாராக. மருமகளுக்கு எங்கள் ஆசீர். குளிருக்குள் தொப்பி போடாமல் திரியாதே.

அன்புள்ள அப்பா,
ம. லோறன்ஸ்

பி.கு.: கடித உறையை ஒட்ட முதல், உன்ர தங்கச்சி டிலுசா தன்ர மனுசன், நாலு பிள்ளையள், மாமா மாமியோட கோயில் திருநாளுக்கு வந்திறங்கிவிட்டாள். பெரிய வீட்டில அறை அறையாய்ப் பாய் விரிச்சுக் குடுத்தம். ஒருத்தரும் படுக்கேல்லை. எட்டுப் பேருக்கும் சின்ன வீடுதான் வேணுமாம். இடம் காணாதெண்டு என்னையும் அம்மாவையும் எழுப்பிப் பெரிய வீட்டுக்கு அனுப்பிவிட்டினம். இதை உன்ர மேல்வீட்டில இருந்துதான் எழுதுறன். இன்னும் ரெண்டு கிழமை நிப்பினமாம். ஆகையால் சின்ன வீட்டோட ஒரு அறை கூட்டிக் கட்ட வேணும். கட்டிறதெண்டால் ரெண்டாய்க் கட்டலாமெண்டு அம்மா சொல்லுறா. அத்திவாரத்தையும் மேல்வீடு தாங்கிற மாதிரியே போடட்டாம்.