ஓட்டத்துக்கு முன்பே வந்த பனியன்

என் மகன் படிக்கும் ஆண்கள் நடுநிலைப் பள்ளியில், எந்தப் போட்டியிலும் யாரும் புதிதாக ஜெயித்ததே கிடையாது. யார் ஜெயிப்பார்கள் என்று பிரிண்ட் சார் முன்கூட்டியே பனியனில் அடித்துவைத்துவிடுவார். பையன்கள் மைதானத்தில் இறங்கி அதை நடத்திக் காட்டிவிட்டு வருவார்கள், அவ்வளவுதான்.

பிரிண்ட் சார் என்பவர் அங்கே விளையாட்டு ஆசிரியர். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கலாம். கேன்சல் ஆன எக்ஸ்போர்ட் ஆர்டர் பனியன்களைக் கேட்டு வாங்கி, வேலம்பாளையத்தில் தெரிந்த ஒரு பிரிண்டிங் யூனிட்டில் கொடுத்து, முதுகில் பையன் பெயரும் பரிசும் அடித்து வாங்குவார். நெஞ்சில் பனிக்கரடி இருக்கும். முதுகில் ‘வட்டு எறிதல், முதலிடம்’ என்றிருக்கும். எல்லாம் விளையாட்டு விழாவுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே.

“போட்டி முடிஞ்சு அடிக்கக் கூடாதுங்களா சார்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“சீசன்ல நம்ம பத்துப் பனியனுக்கு எவனுங்க அம்மணி ஸ்க்ரீன் போட்டு அடிச்சுத் தருவான்? சும்மா இருக்கறப்பவே அடிச்சு வாங்கிக்கோணும்.”

நியாயம்தான். ஆனால் அடித்த பெயர் ஒன்றுகூடத் தப்பாதது எந்த நியாயத்தில் சேர்த்தி?

பேச்சுப் போட்டியில் ‘இரண்டாமிடம்’ என்று அடிக்கப்பட்ட பையன், மேடையில் ஏறி வணக்கம் சொன்னதோடு அழுதுவிட்டான். தொலைந்தது என்று நினைத்தோம். அன்றைக்கென்று மற்றவர்களுக்கெல்லாம் அம்மைக் கொப்புளம். வந்திருந்ததே இரண்டு பேர்.

இன்னொரு வருஷம், உயரம் தாண்டுதலுக்கு முனியசாமி. அரைப் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டான். ஆசிரியர்கள் அறையில் அந்தப் பனியனைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். பிரிண்ட் சார் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். விழா அன்று காலை, துணிப்பையோடு கேட்டில் நிற்கிறான் முனியசாமி. “அப்பாவுக்கு அங்க வேல சரிப்பட்டு வரல சார். திரும்பி வந்துட்டோம்லா!”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அவரிடம் பயம்கூட உண்டு. பையன்களைப் பார்க்கும்போது நேராகப் பார்க்க மாட்டார். பையனுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி வேறு யாரோ நிற்பதுபோல் பார்ப்பார். பிறகு, “சரி கண்ணு, போ” என்பார்.

என் கவினுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. இன்ஹேலர் அடித்துக்கொண்டு தாராளமாக ஓடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்தான் விடவில்லை. மதிய இடைவேளையில் பள்ளிக் கேட்டுக்குப் போய் எட்டிப் பார்ப்பேன். “பேசாம அங்கயே வாட்ச்மேனாச் சேந்துக்க” என்றார் வீட்டுக்காரர். ஒவ்வொரு வருஷமும் பனியன் பண்டல் வந்ததும், அவன் பெயர் அதில் இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்வேன். பெயர் வந்துவிட்டால் அவன் ஓடித்தானே ஆகவேண்டும்!

போன ஐப்பசியில் பிரிண்ட் சார் மாரடைப்பில் போய்விட்டார். உண்மையாகவே அழுதேன். கூடவே, இனிமேல் பனியன் வராது என்று ஒரு நிம்மதியும் வந்தது.

தை மாதம், விழாவுக்கு முந்தைய வாரம் பண்டல் வந்தது.

“யாருப்பா ஆர்டர் குடுத்தது?” என்று கேட்டார் தலைமையாசிரியர்.

“சார்தானுங்க. ஆயுத பூஜைக்கு முன்னாடியே குடுத்துட்டாருங்க. நாங்கதான் அடிக்க லேட் பண்ணிட்டோமுங்க” என்றான் யூனிட் பையன்.

கேட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு ஒரு பனியனை நீட்டினார்கள். நெஞ்சில் தூங்கும் பாண்டா. முதுகில்: ‘கவின், நானூறு மீட்டர், கடைசி.’

கடைசிக்கு அவர் பனியன் அடித்ததே இல்லை. முதலில் கோபம் வந்தது. அப்புறம் சைஸைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்குக் கவின் போட்டிருந்ததைவிட அது ஒரு சைஸ் பெரியது. மார்கழியில் அவன் திடீரென்று வளர்ந்து, யூனிஃபார்மை அப்போதுதான் மாற்றியிருந்தேன். போட்டுப் பார்த்தான், அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

“நான் ஓடறேன்மா. சாரே சொல்லிட்டாருல்ல” என்றான்.

அன்றிரவு அந்தப் பனியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியாக வர வேண்டுமென்றால் முதலில் வந்து சேர வேண்டும். நடுவில் விழுந்தவனைக் கடைசி என்று யாரும் சொல்வதில்லை. இது புரிந்த பிறகுதான் தூங்கினேன்.

விழா அன்று இரண்டு தரம் இன்ஹேலர் அடித்து அனுப்பினேன். பாதிச் சுற்றிலேயே எல்லாரும் அவனை விட்டுப் போய்விட்டார்கள். கோட்டுக்கு வெளியே நானும் கூடவே ஓடலாமா என்று பார்த்தேன். அப்புறம் நான்தான் கடைசி என்று ஆகிவிடுமோ என்று பயந்து நின்றுவிட்டேன். எல்லைக் கோட்டுக்கு அருகே முன்னால் போன பையன் ஒருவன் கால் பிடித்துக்கொண்டு விழுந்தான். கவின் நெருங்கி வந்தான். விழுந்தவனை அவன் முந்திவிட்டால் சார் வாக்கு பொய்யாகுமே! விழுந்தவன் எழ முயன்று, முடியாமல், உருண்டே கோட்டைத் தாண்டினான்.

பின்னாலேயே கவின் வந்தான். கோட்டில் கைநீட்டி நின்ற என்னை அவன் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டே ஓடிவந்தான். சிரித்துக்கொண்டு வந்தான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பனியனை மட்டும் நான் மெஷினில் போடுவதில்லை. உள்பக்கம் திருப்பி, கையால் அலசி, நிழலில் காயப்போடுகிறேன். சார் அடித்த எழுத்து, வெளுத்துவிடக் கூடாது.