நாணயத்தில் ஏறிய மூக்கு

மதிப்பிற்குரிய நாணயச்சாலை மேலதிகாரி ஐயா அவர்களுக்கு,

சிற்பியின் மனைவி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

என் வீட்டுக்காரரைக் கௌரவித்து நீங்கள் வெளியிடப்போகும் நாணயத்தின் மாதிரி இருபது நாளுக்கு முன் பத்திரமாக வந்து சேர்ந்தது. பக்கவாட்டு முகம், மீசை, மூக்கு எல்லாம் அச்சு அசல் இவரேதான். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவரோ பார்த்தவுடன், "இது என் மூக்கே இல்ல, எங்க பெரியண்ணன் மூக்கு" என்று சொல்லிவிட்டார். அன்று பிடித்தது சனி.

எத்தனையோ பேர் முகத்தைக் கல்லில் செதுக்கியவர், தன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்ததே இல்லையாம். இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்துப் பார்த்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. முடிதிருத்துபவரிடம் போய், "என்னைப் பக்கத்துல இருந்து அதிகம் பார்த்தவன் நீதான், சொல்லு" என்று கேட்டிருக்கிறார். அவர், "நான் காதைத்தான் ஐயா பார்ப்பேன், வெட்டிடக் கூடாதுல்ல" என்று நழுவிவிட்டார். பிறகு, தன் மூக்கைத் தானே அச்செடுக்கிறேன் என்று முகம் முழுக்க பிளாஸ்டரை அப்பிக்கொண்டு, மூச்சுவிட இரண்டு ஸ்ட்ராவைச் செருகிக்கொண்டு படுத்தார். மீசைக்கு எண்ணெய் தடவ மறந்துவிட்டார். நான் சுத்தியலால் தட்டித் தட்டிப் பெயர்த்தபோது பாதி மீசையும் அதோடு வந்துவிட்டது. இப்போது இவரைவிட அந்த நாணயம்தான் இவரைப் போல இருக்கிறது.

தினமும் காலையில், "இங்க வாயேன், இன்னொரு தடவை ஒத்துப் பாரு" என்று ஜன்னலோரம் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைக்கிறார். என் ஒரு கையில் நாணயம், மறு கையில் இவர் தாடை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதே மூக்குதாங்க. முப்பத்தெட்டு வருஷமா அதுக்கு மேல வர்ற கோவத்தைப் பார்த்தவ சொல்றேன்" என்பேன். "நல்லாப் பாரு" என்பார். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும்.

அதுகூடப் போகட்டும் ஐயா. மூக்கைத் திருத்தாவிட்டால் வெளியீட்டு விழாவுக்கே வரமாட்டாராம். "அது யார் மூக்கோ அவனையே மேடையில உட்கார வைங்க" என்கிறார். அந்தப் பெரியண்ணன் காலமாகிப் பத்து வருடம் ஆகிறது, எங்கே போய் அழைப்பது? வாழ்நாளெல்லாம் கல்தூசி தின்ற மனிதருக்கு நாலு பேர் கூடிக் கைதட்டப் போகிற நாள் அது. அதை நான் முன்வரிசையில் உட்கார்ந்து கண்குளிரப் பார்க்க வேண்டும்.

ஆகவே, "மூக்கில் தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்" என்று முத்திரை குத்தி ஒரு பொய்க் கடிதம் அனுப்பி உதவ வேண்டும். தான் ஜெயித்துவிட்டதாகத் தெரிந்தால் வாயைத் திறக்காமல் கிளம்பிவிடுவார்.

உங்களுக்கும் உங்கள் இயந்திரங்களுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். உறையை ஒட்டி அஞ்சலில் சேர்க்க இவரிடமே கொடுக்கிறேன். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் மட்டும் இவருக்குக் கிடையாது.

இப்படிக்கு,
சிற்பியின் மனைவி

பின்குறிப்பு: இதை எழுதுவது மேற்படி மூக்குக்கு உரியவன். படித்துவிட்டேன். மன்னிப்புக் கடிதம் வேண்டாம். மூக்கில் ஒரு குறையும் இல்லை, மாதிரி வந்த அன்றே எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக நான் கல்லைப் பார்த்தேன், அவள் வீட்டைப் பார்த்தாள். இந்த இருபது நாளாகத்தான் தாடையைப் பிடித்துத் திருப்பி என் முகத்தைப் பார்க்கிறாள். விழாவுக்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதுவரை தயவுசெய்து அவளுக்குப் பதில் எழுத வேண்டாம்.