நான் முதலில் சுவரைத் தொட்ட போட்டி

ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஊரையே ஏமாற்ற முடியும். ஒரே ஒரு வார்த்தையை எழுதாமல் விட்டால் போதும். நான் எழுதாமல் விட்டது ‘பெத்தாங்க்’. இரும்புக் குண்டைக் கையால் வீசி, தரையில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற ஆட்டம். அதில் மாநில அளவில் மூன்று பதக்கம் வாங்கியிருக்கிறேன். அந்த ஆட்டத்தில் புழுதி உண்டு. தண்ணீர் கிடையாது.

உப்பளம் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் சிறுவர் அணிக்கு உடற்பயிற்சி கொடுக்கிற வேலை எனக்கு. பிள்ளைகளைக் கரையில் ஓடவிடுவேன், குனிய வைப்பேன், ஸ்டாப்வாட்ச் பிடிப்பேன். நீந்தத் தெரியுமா என்றால், மூழ்க மாட்டேன் (ஆழமில்லாத பக்கத்தில்).

ஆண்டு விழாவுக்குப் பயிற்சியாளர்களிடம் சாதனைகளை எழுதி வாங்கிப் பலகையில் போட்டார்கள். கலா மேடம், தேசிய நீச்சல் வீராங்கனை. குருசுக்குப்பத்து வேலு, கடல் நீச்சலில் முதல் பரிசு. மூன்றாவது நான்: ‘மாநில அளவில் மூன்று பதக்கங்கள்.’ எதில் என்று யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

அம்மா அந்தப் பலகையைப் போட்டோ எடுத்து, எனக்குப் பார்த்திருந்த பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெண்ணின் அப்பா லூர்துநாதன் ஒரு ‘சொல்தா’. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மருமகன் விளையாட்டு வீரனாக இருக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம் அவருக்கு. நானோ பூசை முடிந்து கோயில் வாசலில் அவர் மகள் தெரேஸிடம் பத்து நிமிடம் பேசியதிலேயே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்திருந்தேன். ஆண்டு விழாவுக்கு அப்பாவும் மகளும் நேரிலேயே வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

“கோச்சுங்க மூணு பேரும் ஒரு தடவ நீந்திக் காட்டணும்னு புள்ளைங்க கேக்குதுங்க” என்றார் கலா மேடம்.

“மேடம், எனக்குத் தோள்பட்ட வலி…”

“மூணு பதக்கமும் அந்தத் தோளாலதான வாங்குனீங்க? எறங்குங்க சார்.” (அவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தேதான் மாட்டிவிட்டார் என்று இன்றும் சந்தேகம்.)

விசில் ஊதினார்கள். குதித்தேன். வயிறுதான் முதலில் தண்ணீரில் பட்டது, ‘பொத்’தென்று. நீச்சல் கண்ணாடி கழன்று கழுத்துக்கு வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கை கால்களை அடித்தேன். நடுவில் ஏதோ கயிறு தட்டியது. புரண்டு உருண்டு அதை உதைத்துத் தள்ளிவிட்டு வெறியோடு நீந்தினேன். கையில் சுவர் பட்டது! கண்ணைத் திறந்தால் வலப்பக்கம் யாரும் இல்லை, இடப்பக்கமும் இல்லை. அடேயப்பா, நான்தான் முதல்! இரண்டு கைகளையும் தூக்கினேன். கூட்டம் ஆர்ப்பரித்தது.

எங்கள் அணியின் எட்டு வயதுக் குட்டி ஒருத்தி கரையிலிருந்து குனிந்து, “சார், இது கெளம்புன செவுரு சார். அந்தப் பக்கம் போவணும்” என்றாள். எதிர்க்கரையில் கலா மேடமும் வேலுவும் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏறி வந்ததும் லூர்துநாதன் எதிரில் நின்று, பிரெஞ்சில் ‘ஐயா’ போட்டுக் கேட்டார்.

“முசே, அந்த மூணு பதக்கம் எதுல வாங்குனீங்க?”

“பெத்தாங்க்ல.”

“பெத்தாங்க்கா! அது பென்சன் வாங்குனப்புறம் நாங்க பொழுது போவாம ஆடுறதாச்சே! தெரேஸ், வா போலாம்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததால் மானம் தப்பியது. “தப்புதாங்க. உங்கப்பா வேணாம்னுடுவாரோன்னு பயந்துட்டேன்” என்றேன் தெரேஸிடம்.

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

“அப்பா, நீங்க பதினஞ்சு வருசம் பிரான்சுல இருந்தீங்க. இதோ வராரு, அதோ வராருன்னு அம்மா வாசலயே பாத்துக்கிட்டு கெடந்தாங்க. இவரு இன்னாடான்னா, போன்னு தள்ளிவுட்டாக்கூட கெளம்புன எடத்துக்கே வந்து நிக்கிறாரு. எனக்கு இவரே போதும்பா.”

லூர்துநாதன் நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்தார். அதை என்னிடம் நீட்டி, “மொதல்ல தலயத் தொவட்டுங்க மாப்ள. சளி புடிச்சுக்கும்” என்றார்.

கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “தொட்டாச்சா?” என்று சமையலறையிலிருந்து தெரேஸின் குரல் வரும். சுவரைத் தொட்டு, இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினால்தான் காபி.