இல்லாத நாற்காலி

"இன்னும் கொஞ்சம் கீழே."

"இதுக்கு மேல கீழே போனா தரைதான் இருக்கு."

"ஏங்க, பாதிகூட உட்காரலை நீங்க. கட்டிலுக்கு அடியில செருப்பைத் தேடுற மாதிரி நிக்கிறீங்க."

மனைவி கையிலிருந்த தாளைத் தூக்கிப் பிடித்து, அதில் இருந்ததை அவருடைய குரலிலேயே படித்துக் காட்டினாள். "'அன்பு நேயர்களே, உங்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இல்லாத நாற்காலியில் மெல்ல உட்காருங்கள். முகத்தில் புன்னகை மாறக் கூடாது.' எங்கே, புன்னகையைக் காணோமே?"

"இதை எழுதின ஆளை என் முன்னாடி நிறுத்து, புன்னகைக்கிறேன்."

எழுதியவர் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். ஒன்பது வருடங்களுக்கு முன்பு வானொலி நிலையத்தில் ஒரு கட்டுத் தாள்களைக் கொடுத்துவிட்டு எங்கோ போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு, 'தொடை மெலியப் பத்து நிமிடம்' என்ற நிகழ்ச்சியில் அந்தத் தாள்களைத் திரும்பத் திரும்ப வாசித்து வருபவர் நம் அறிவிப்பாளர். வெதுவெதுப்பான குரல். கேட்டால் யாரோ போர்வையை இழுத்துவிட்டதுபோல இருக்கும். "மடக்குங்கள், நீட்டுங்கள், ஒன்று, இரண்டு" என்று ஊரையே ஆட்டிவைத்துக்கொண்டு, அவர் மட்டும் சுழல் நாற்காலியில் சாய்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருப்பார்.

அவருடைய தொடைகளைப் பற்றி அறிய வேண்டுமானால் அவருடைய கால்சட்டைகளைத்தான் கேட்க வேண்டும். தொடையிடுக்கைத் தவிர வேறெங்கும் அவை கிழிந்ததில்லை. நடக்கும்போது இரண்டு தொடைகளும் ஒன்றையொன்று உரசி ரகசியம் பேசும். நடுவில் ஒட்டுக்கேட்கும் துணிதான் பாவம், ஆறு மாதத்தில் தேய்ந்துபோகும். இடுப்புக்கு மேலே மனிதர் ஒல்லி. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்வரை குட்டு வெளிப்படாது.

வினை புது மேலாளர் வடிவில் வந்தது. வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மேசைக்கு மேலே தெரிந்த பாதி ஆளை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிட்டார் அந்த அம்மா.

"சார், ஒன்பது வருஷமா ஓடுது. ஆனா கேக்குறவங்க யாருன்னே நமக்குத் தெரியல. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பூங்காவுல நேயர் சந்திப்பு வைக்கிறோம். நீங்க முன்னாடி நின்னு செஞ்சு காட்டுறீங்க, அவங்க உங்களைப் பார்த்துச் செய்வாங்க."

"மேடம், நான்... குரல் மட்டும்தானே?"

"குரலே இப்படின்னா ஆளு எப்படி இருப்பாருன்னு பார்க்க வருவாங்க இல்ல? நல்லா நடந்தா நிகழ்ச்சி தொடரும். இல்லேன்னா அந்தப் பத்து நிமிஷத்துல வானிலை அறிக்கையைப் போட்டுடலாம்னு மேலிடத்துல பேச்சு."

அந்தப் பத்து நிமிடத்தை விட்டால் நிலையத்தில் அவருக்கு வேறு நிகழ்ச்சி கிடையாது. ஊருக்குச் செய்த உபதேசம் ஒன்பது வருடம் கழித்து வீட்டுக்கே வந்து கதவைத் தட்டியது. அதனால்தான் இப்போது சமையலறையில், அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவில், காற்றில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

மனைவியின் கிண்டல் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் நாலு விரல்கடை இறங்கினார். முழங்கால்கள் 'டொக்' என்றன. எழ முயன்றார். மேல் பாதி சம்மதித்தது, கீழ்ப் பாதி மறுத்துவிட்டது. கைக்கு எட்டியது குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடி. பிடித்து இழுத்தார். அவர் எழவில்லை, கதவு திறந்துகொண்டது. கதவில் இருந்த முட்டைகள் ஒவ்வொன்றாக அவர் மடியில் இறங்கி, அங்கிருந்து தரைக்குப் போயின.

மனைவி குனிந்து எண்ணினாள். "முட்டை ஆறும் போச்சு. தொடை ரெண்டும் அப்படியே இருக்கு."

மறுநாள் விடிந்தபோது அந்தத் தொடைகள் அவருடையவை போலவே இல்லை. இரவல் கொடுத்தவன் திருப்பிக் கேட்டு இழுப்பதுபோல வலித்தன. உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் ஒலிபரப்பு அறையில் நின்றபடியே வாசித்தார். பிஸ்கட்டுக்குக் கை நீட்டக்கூடத் தெம்பில்லை. 'வலது காலை முன்னால் வையுங்கள்' என்று வாசித்தபோது, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, தன்னையறியாமல் வைத்தும் விட்டார்.

"ஒன்று... இரண்டு... ஐயோ அம்மா!... மூன்று..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். உடனே தொலைபேசி அடித்தது. வைத்ததும் மறுபடி அடித்தது. அந்த நிகழ்ச்சிக்கு அதுவரை ஓர் அழைப்புகூட வந்ததில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒலிப்பதிவாளர் தலையை நீட்டினார். "அண்ணே, ஒருத்தர் உங்க 'ஐயோ அம்மா'வைக் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்துட்டாராம். இன்னொரு அம்மா, இனிமே அப்படிக் கத்த வேணாம்னு சொல்லுங்கன்னு அழாத குறையா கேட்டாங்க."

போச்சு, வானிலை அறிக்கைதான் என்று நினைத்துக்கொண்டார். பின்னாலேயே மேலாளர் ஓடிவந்தார். முகமெல்லாம் பல்.

"பார்த்தீங்களா சார்! எழுந்திருக்காரு, உட்கார்ந்திருக்காரு! அதுதானே பயிற்சியே! இன்னிக்குத்தான் நிகழ்ச்சிக்கு உயிரே வந்திருக்கு."

"மேடம், பூங்காவுல முன்னாடி ஒரு பெரிய மேசை போட்டு, அதுல நல்லா நீளமா ஒரு துணி விரிச்சு..."

"மேசையா? மேடையே போடச் சொல்லிட்டேன்! உங்க கால் கடைசி வரிசை வரைக்கும் தெரியணும் சார்."

சேதி கேட்ட மனைவி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவருடைய கால்களையே, சாமான் நிறைய இருந்து அலமாரி போதாதவள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கிறது நாலு நாள். மெலிய வைக்க முடியாது. இறுக்கி வைக்கலாம்," என்றாள்.

மருந்துக் கடையில், சுளுக்குக்குச் சுற்றும் எலாஸ்டிக் பேண்டேஜ் எட்டு உருளை வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு தொடைக்கு நாலு வீதம் சுற்றினாள். ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, அவர் பம்பரமாகச் சுழன்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டார். தொடை மெலிந்தது உண்மை. ஆனால் உள்ளே இருந்த சதை எங்கேதான் போகும்? முழங்காலுக்கு மேலே இரண்டு மேடுகளாகக் குடிபெயர்ந்தது. அதையும் சேர்த்துச் சுற்றினாள். இப்போது முழங்கால் மடங்கவில்லை. வடிவியல் பெட்டியில் இருக்கும் கவராயம் மாதிரி, ஒரு காலை ஊன்றி மறுகாலை வட்டமடித்துத்தான் நடக்க முடிந்தது.

"இனி யாரும் உங்களைத் தொடைநடுங்கின்னு சொல்ல முடியாது. நடுங்குறதுக்கு உள்ளே இடமே இல்ல."

அவர் சிரிக்கவில்லை. "இந்தா பாரு. அந்தப் பத்து நிமிஷம் போச்சுன்னா, அப்புறம் நான் யாரு?"

அவள் கடைசி முனையை ஊக்கால் குத்தினாள். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோலக் கொஞ்ச நேரம் அங்கேயே கையை வைத்திருந்தாள்.

பூங்காவில் ஓர் அறுபது பேர் புல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கு நாலு படி. முன்னால் ஒலிப்பதிவாளர் இழுக்க, பின்னால் மனைவி தள்ள, பீரோ ஏறுவதுபோல ஏறினார். மேலே போய் நின்று கூட்டத்தைப் பார்த்தார்.

ஒருவர் முகத்திலும் உற்சாகம் இல்லை. எல்லாருக்கும் கண் சிவந்திருந்தது. இடது ஓரத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார்; அது வரிசை வரிசையாகப் பரவி வலது ஓரத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. குண்டு, ஒல்லி, தொப்பை என்று எல்லா வகையும் இருந்தன. தினமும் பயிற்சி செய்த கால்களாக ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று நினைத்தார். கோபத்தில்தான் கண் சிவந்திருக்கிறது.

"அன்பு நேயர்களே..."

குரலைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. அது என்ன பெருமூச்சு என்று அவருக்குப் புரியவில்லை.

"உங்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஓரத்தில் நின்ற மேலாளர், 'செய்ங்க, செய்ங்க' என்று கையை ஆட்டினார். வருவது வரட்டும் என்று அவர் உட்கார்ந்தார்.

'டப்'. ஊக்கு தெறித்தது. வலது தொடை, சிறையிலிருந்து விடுபட்டதுபோல, கால்சட்டைக்குள் விரிந்தது. பேண்டேஜ் கால் வழியே இறங்கி, மேடை விளிம்பைத் தாண்டி, புல்தரை வரைக்கும் உருண்டு ஓடியது. இடது கால் மட்டும் விறைத்து நிற்க, மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் அந்தரத்தில் மாட்டிக்கொண்டார். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் எண்ணினார்.

"ஒன்று... இரண்டு... மூன்று..."

பத்து வந்தது. ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் ஒருவர் தலையைத் தொங்கப்போட்டுவிட்டார். அவமானத்தைக் காணச் சகியாமல் தலைகுனிகிறார் என்று இவர் நினைத்துக்கொண்டார். பதினொன்றில் குரல் உடைந்தது. 'தொப்'பென்று மேடையில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சிருங்க," என்றார் ஒலிபெருக்கியில். "இதை நான் ஒரு நாள்கூடச் செஞ்சதில்ல. நாற்காலியில சாஞ்சு பிஸ்கட் தின்னுக்கிட்டேதான் எண்ணினேன். ஒன்பது வருஷமா உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். நாளையிலேருந்து வானிலை அறிக்கை வரும், அதையாவது நம்பிக் கேளுங்க."

மேலாளரின் கை பாதி ஆட்டத்தில் அப்படியே நின்றது. மனைவி படியில் ஒரு காலை வைத்தாள். அதற்குள் முன்வரிசையிலிருந்து, கசங்கிய வெள்ளை உடையில் ஒரு பெண்மணி எழுந்து, கண்ணைக் கசக்கியபடி மேடை ஓரத்துக்கு வந்தார்.

"ஐயோ, நீங்க ஏன் சார் அழறீங்க? நாங்க மட்டும் என்ன செஞ்சோமா? நான் ஆஸ்பத்திரியில ராத்திரி நர்ஸ், இந்தப் பக்கம் இருக்கிறவங்க பேக்கரி, அந்த வரிசை முழுக்க வாட்ச்மேனுங்க, பின்னாடி லாரி டிரைவருங்க. விடிய விடிய வேலை பார்த்துட்டுக் காலையில ஆறு மணிக்குத்தான் படுப்போம், நீங்க எண்ண ஆரம்பிச்சாத்தான் எங்களுக்குத் தூக்கமே வரும். பன்னெண்டுக்கு அப்புறம் என்ன சொல்வீங்கன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. இன்னிக்கு உங்களைப் பார்க்கணும்னு எல்லாரும் தூங்காம நேரா வந்துட்டோம், புல்லும் மெத்துமெத்துன்னு இருக்கு... முதல்லேருந்து, கொஞ்சம் மெதுவா எண்ணுறீங்களா சார்?"