சாலட் தின்ற காளிதாசன்

பெல்ட்டைக் கழற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவிட்டு ஏறியதால், தராசு காட்டிய எண்ணைக் காளிதாசனால் படிக்க முடியவில்லை.

“எவ்ளோ காட்டுது?”

மனைவி குணசுந்தரி குனிந்து பார்த்தாள். “தொண்ணூத்தாறு.”

“நல்லாப் பாரு லா. தலைகீழாப் பாத்திருப்ப.”

“தலைகீழாப் பாத்தாலும் தொண்ணூத்தாறுதான்.”

காளிதாசன் கெடா மாநிலத்துப் பெண்டாங்கில் ஒரு நெல் ஆலையில் ஸ்டோர் கிளார்க். கல்யாணமான மகள் வாணிக்கு டீச்சர் வேலை கடலுக்கு அந்தப்பக்கம் சபா மாநிலத்தில் விழாமல் கெடாவிலேயே விழுந்தால், தன் எடைக்கு எடை அரிசி தருவதாக எஸ்டேட் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். அம்மன் உடனே கொடுத்துவிட்டாள்.

அரிசி தருவதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. நிறுக்கிற விதத்தில்தான் வந்தது வினை. திருவிழா அன்று ஆலையின் பெரிய தராசைக் கோயில் வாசலில் வைப்பார்கள். நேர்ந்துகொண்டவர் ஏறி நிற்க, கோயில் செயலாளர் பக்கிரிசாமி எடையை மைக்கில் அறிவிப்பார். அவர் மைக்கைப் பிடித்தால் மூன்று எஸ்டேட்டுக்குக் கேட்கும். போன வருஷம் நேர்ந்துகொண்ட ஜெயகுமார் ஏறியபோது “ஐம்பத்தெட்டு கிலோ” என்று மூன்று தடவை சொன்னார். “இத வச்சு ஊருக்கே எப்படிச் சோறு போடறது?” என்று அன்னதானச் சமையலைக் கவனிக்கும் பாப்பம்மா பக்கத்தில் நின்று முணுமுணுத்ததும் அதே மைக்கில் கேட்டது.

இந்த வருஷம் வாணியின் மாமனார் குணாளன் வேறு அலோர் ஸ்டாரிலிருந்து வருகிறார். அறுபது வயதிலும் தினம் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற, ஊசி மாதிரி மனிதர். அவர் காதுபடத் தொண்ணூற்றாறு என்று முழங்கினால், காளிதாசன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருந்தது. தொண்ணூற்றுக்குக் கீழே இறங்கியே தீருவது என்று, ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டுச் சாலட்டுக்கு மாறினார்.

மூன்றாம் நாள் பக்கிரிசாமியின் மளிகைக் கடைக்குப் போனபோது காளிதாசனின் முகம் சுண்டிப்போயிருந்தது.

“என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?”

“பச்சையா இலையத் தின்னா வேற எப்படி இருக்கும்? எடையக் குறைக்கணும்ல, பக்கிரி.”

பக்கிரிசாமி கொஞ்சம் யோசித்தார். பிறகு பின்னால் திரும்பி ஒரு போத்தலை எடுத்து வைத்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று, கெட்டியாக ஏதோ இருந்தது.

“சாலட் டிரெஸ்ஸிங்ண்ணே. இத ஊத்திச் சாப்பிடுங்க. வெள்ளைக்காரன்லாம் இதத்தான் சாப்பிடறான்.”

காசு வாங்க மறுத்துவிட்டார். “கோயில் காரியம் லா. வாரா வாரம் எத்தன கிலோன்னு மட்டும் சொல்லிடுங்க.”

இப்படியும் ஒரு நல்ல மனுஷன் என்று காளிதாசனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அன்று ராத்திரி தட்டில் இலை இருந்த இடமே தெரியவில்லை. மூன்று தட்டுச் சாப்பிட்டார். வெறும் இலைதானே.

இரண்டு வாரத்தில் தொண்ணூற்றெட்டு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த வாணி போத்தலைத் திருப்பிப் படித்தாள். “அப்பா, இதுல பாதி எண்ணெய். மிச்சம் முட்ட மஞ்சக்கரு.”

“நூத்திமுப்பது கலோரிதானே போட்டிருக்கான்?”

“அது ரெண்டு ஸ்பூனுக்குப்பா. நீங்க எத்தன ஸ்பூன் ஊத்துறீங்க?”

காளிதாசன் ஸ்பூனைத் தொட்டதே இல்லை. போத்தலைக் கவிழ்த்துப் பிடிப்பார், அதுவாக நின்றால்தான் நிமிர்த்துவார்.

விஷயம் கேட்டுப் பக்கிரிசாமி ரொம்ப வருத்தப்பட்டார். “தப்பு என்னோடதுண்ணே. இந்தாங்க, கொழுப்புக் கம்மியானது.” கொழுப்புக் கம்மி என்பதால் காளிதாசன் இரண்டு மடங்கு ஊற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி அவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “அங்கிள், சுகர் ஏறியிருக்கு. இனிப்பு சாப்பிடறீங்களா?”

“இலதான் மிஸ்ஸி சாப்பிடறேன்.”

மிஸ்ஸி இந்தப் பொய்யை முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்போல் பார்த்தார். வாணி போத்தலைப் படித்துத்தான் குட்டு உடைந்தது. கொழுப்பை எடுத்தவர்கள், ருசி போய்விடக் கூடாதே என்று சர்க்கரையைப் போட்டிருந்தார்கள்.

மூன்றாவது போத்தலில் சர்க்கரை இல்லை. அந்தக் குறையை உப்பு தீர்த்துவைத்தது. காளிதாசன் ஜாடி ஜாடியாகத் தண்ணீர் குடித்தார். கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. தராசு தொண்ணூற்றொன்பதைத் தொட்டதும் குணசுந்தரி போத்தலைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

“இனி கடைச் சாமான் வேணாம். நானே செய்றேன். தயிரு, எலுமிச்ச, கொஞ்சம் மிளகு.”

அதுதான் நல்லது என்று வாணியும் போனில் சொன்னாள். காளிதாசனும் அடங்கி உட்கார்ந்தார். எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும். ஆனால் குணசுந்தரி கைப்பழக்கத்தில் வெள்ளரியோடு ஒரு வெங்காயத்தையும் அரிந்து போட்டுவிட்டாள்.

ஒரு வாய் வைத்ததும் காளிதாசன் கண்ணை மூடினார். “குணா, இது தயிர்ப் பச்சடி லா.”

“இருந்துட்டுப் போகுது. சாப்பிடுங்க.”

“பச்சடிய எப்படி வெறும்ன சாப்பிடறது?”

அன்று ராத்திரியே பிரியாணி வந்தது. மறுநாள் பச்சடி மிச்சமிருந்ததால் பிரியாணி மறுபடி வந்தது. அதற்கடுத்த நாள் பிரியாணி மிச்சமிருந்ததால் பச்சடி செய்ய வேண்டியதாயிற்று.

திருவிழா அன்று காளிதாசன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முந்தின நாளே முடியை ஒட்ட வெட்டியிருந்தார். இருப்பதிலேயே மெல்லிய வேட்டியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, அம்மனைக் கும்பிட்டுத் தராசில் ஏறினார்.

“காளிதாசன் அண்ணன், நூற்றொரு கிலோ,” என்றார் பக்கிரிசாமி. மூன்று தடவை சொன்னார். மூன்று எஸ்டேட்டும் கைதட்டியது.

காளிதாசன் தலை நிமிராமல் இறங்கினார். எதிரே குணாளன் கைநீட்டி நின்றார்.

“நூத்தி ஒண்ணு. எவ்ளோ சுபமான நம்பர், சம்பந்தி,” என்றவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் சட்டென்று மைக்கை வாங்கினார். “அடுத்த வருஷம் என் எடைக்கு எடை நானும் தர்றேன்.”

கூட்டம் மறுபடி கைதட்டியது. இந்த ஒல்லிப் பிச்சானே தன்னைப் பார்த்து நேர்ந்துகொள்கிறாரே என்று காளிதாசனுக்கு முதன்முறையாக மனம் லேசானது. பக்கிரிசாமி மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதை அணைக்க மறந்து, அரிசி மூட்டைகளை எண்ண வந்த பாப்பம்மா பக்கம் திரும்பினார்.

பாப்பம்மாவின் குரல் மூன்று எஸ்டேட்டுக்கும் கேட்டது: “நூறு கிலோவுக்குக் கொண்டாந்துடுன்னுதான் சொன்னேன், ஒண்ணு கூடவே ஏத்திட்ட பக்கிரி. இந்தச் சம்பந்தி ரொம்ப ஒல்லி, அவருக்கு அந்த வெள்ளப் போத்தல இன்னிக்கே குடுத்து விட்டுடு.”